விளையாட்டு முடிகிற இடம்

வேலியை அளக்க வந்த ஃபருஜியா
நாடாவைச் சுருட்டியபடி கேட்டார்:
"கடிக்குமா?"
பல் இருக்கிறது என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
படிவத்தில் அந்தக் கட்டத்தை மட்டும்
காலியாக விட்டுவிட்டுப் போனார்.

கோதுமைக் குதிர்களைத் தவிர
உயரமாய் எதுவும் நிற்காத ஊர் இது.
விக்டோரியாவின் வடமேற்கு மூலை.
வாரம் மூன்று நாள் தபால் வண்டி ஓட்டுகிறேன்.
மற்ற நாட்களில்
உரிம எண்ணோடு ஒரு டிங்கோவுக்கு
வேலைக்காரன்.
பெயர் டப்பென்ஸ்.
இரண்டு காசு பெறாது என்று சொல்லித்தான்
கையில் கொடுத்தார்கள்.

முதல் வாரம் நாய் என்று நினைத்துப்
பந்தை எறிந்தேன்.
பந்து விழுந்த இடத்தையும் என்னையும்
மாறி மாறிப் பார்த்தாள்.
வேண்டாம் என்றுதானே எறிந்தாய்,
பிறகென்ன?
நானே நடந்துபோய் எடுத்துவந்தேன்.
மூன்று முறை.
அவளுக்கு அந்த விளையாட்டு
மிகவும் பிடித்திருந்தது.

இப்போது எங்களுக்கு நடுவில் ஒரு கழி.
ஏழடி. நுனியில் கயிறு.
கயிற்றில் என் பழைய கம்பளிக் காலுறை.
மணலில் இழுத்தால் பாம்பு,
துள்ளவிட்டால் முயல்,
சும்மா கிடந்தால் இன்னும் ருசி.
அவள் தாடை காலுறைக்கு,
என் விரல்கள் எனக்கு.
பாகப் பிரிவினையில் தகராறு இல்லை.

பிடித்துவிட்டால் இழுக்கமாட்டேன்.
கழியைக் கீழே போட்டுவிட்டு
வேறெங்கோ பார்ப்பேன்.
ஜெயித்தவள் காலுறையோடு ஒரு சுற்று வருவாள்,
வெள்ளைப் பாதம் நான்கும் தரையில் படாத மாதிரி.
நான் குனிவதில்லை. ஓடுவதில்லை.
ஓடுகிறவன் யார் எவன் என்று
அவள் விசாரிப்பதில்லை.

இலையுதிர் மாதங்களில் கழி கொட்டகையிலேயே கிடக்கும்.
அப்போது அவள் வேறொருத்தி.
சோற்றைத் தட்டில் தள்ளிவிட்டுக்
கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிடுவேன்.

வாய் திறந்து, நாக்கு தொங்கி,
வால் தளர்ந்து ஆடுகிறவரை விளையாட்டு.
வாய் மூடிக்கொண்டால்,
காது இரண்டும் ஒரே பக்கம் கூர்த்தால்,
அவள் முழுக்க அசையாமல் போனால்
அது வேறு.
அதற்கு என்னிடம் சொல் இல்லை.
முதுகில் மட்டும் ஒரு குளிர் உண்டு.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் பார்த்தேன் அதை.
தங்கை ப்ரொன்வின்னின் மகன் ஃபின்லே,
ஆறு வயது,
வெளி வேலிக்கும் அப்பால் ஓடினான், விழுந்தான்,
மெல்லிய குரலில் கீச்சென்று அழுதான்.

உள்ளே டப்பென்ஸின் வாய் மூடியது.

"பாவம், விளையாடக் கூப்பிடுகிறாள்"
என்றாள் ப்ரொன்வின்.
இரண்டு கம்பி வேலி நடுவில் இருந்தது.
மேலே கூரைவலையும் இருந்தது.
ஃபருஜியா அளந்த ஒவ்வோர் அங்குலத்துக்கும்
அந்த நிமிடம் மனதுக்குள் நன்றி சொன்னேன்.

நான் உள்ளே இருந்தேன். கையில் கழி.
கழியைப் போட்டேன்.
அவளைப் பார்க்கவில்லை.
கையைக் கட்டிக்கொண்டு
குதிர்ப் பக்கம் திரும்பி நின்று
கொட்டாவி விட்டேன்.
பொய்க் கொட்டாவிதான்.
இரண்டாவது தானாகவே வந்தது.

எவ்வளவு நேரம், தெரியாது.
ஓர் ஈ என் உதட்டில் உட்கார்ந்து எழுந்து
மறுபடி உட்கார்ந்தது.
பிறகு கண்ணோரத்தில்
அவள் வாய் மெதுவாகத் திறந்தது,
அகலமாக, கடைவாய்வரை,
ஒரு பெட்டி திறப்பதுபோல.
அவளும் கொட்டாவி விட்டாள்.
வால் இறங்கியது.

வேலிக்கு அந்தப் புறம்
முழங்காலில் ரத்தமும் மண்ணுமாக
அழுகையை நிறுத்தியிருந்த ஃபின்லேயும்
கொட்டாவி விட்டான்.

மாலையில் அவன் கேட்டான்,
நாளைக்கு அவளோடு விளையாடலாமா?
இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்க்கலாம் என்றேன்.
அது விளையாட்டா என்றான்.
எனக்கு ஆமாம். அவளுக்குத் தெரியவில்லை.

இரவு ஊளையிட்டாள், நீளமாக,
குரைக்கத் தெரியாத தொண்டையால்.
நான் எழுந்துபோய்
இரண்டாம் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்தேன்.
முதலாவதைத்
திறக்கக் கற்றுக்கொண்டுவிட்டாள்.

காலுறையில் குதிகால் பக்கம் ஒன்றுமே மிச்சமில்லை.
திங்கட்கிழமை இன்னொன்று தேட வேண்டும்.